உடனே புறப்படுதலும் காத்திருத்தலும்: கிறிஸ்தவ மரபில் கீழ்ப்படிதல்

கடவுளின் கட்டளை தெரிந்த பின் தாமதிக்கக் கூடாது என்றும், கடவுள் வழிகாட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றும் கிறிஸ்தவப் போதனை தொடக்கம் முதலே சேர்த்துச் சொல்லி வந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் முரண்படும். ஒன்று ஓடச் சொல்கிறது, மற்றது நிற்கச் சொல்கிறது. விவிலியத்தையும் திருச்சபை வரலாற்றையும் ஊன்றிப் படிக்கும்போது இரண்டுக்கும் தனித்தனி இடம் இருப்பது தெரிய வருகிறது. விரைவு ஏற்கெனவே தெரிந்துவிட்ட கட்டளைக்கு உரியது. காத்திருத்தல் இன்னும் தெளியாத வழிக்கு உரியது. தெரிந்த கட்டளை முன் நின்று ‘இன்னும் ஜெபிக்க வேண்டும்’ என்று ஒத்திப்போடுவதும், தெளியாத வழியில் ‘கர்த்தர் சொல்லிவிட்டார்’ என்று பாய்வதும் இந்த இடங்களை மாற்றிப் போடுவதால் நேரும் தவறுகள். இந்த மரபில் நேர்ந்த பெரும் விபத்துகளில் பல அங்கிருந்தே தொடங்கின.

விவிலியத்தில் உடனடிக் கீழ்ப்படிதலின் முதல் உருவம் ஆபிரகாம். 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது போகும் தேசத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. மகன் ஈசாக்கைப் பலியிடச் சொன்ன கட்டளை வந்தபோது, ஆதியாகமம் 22ஆம் அதிகாரம் அவருடைய மனப் போராட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதிகாலையில் எழுந்தார், கழுதைக்குச் சேணம் கட்டினார், விறகைப் பிளந்தார், புறப்பட்டார் என்று கைவேலைகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறது. மோரியா தூரத்தில் தெரிய மூன்றாம் நாள் ஆனது. புறப்பாடு உடனே, நடை நீண்டது. பின்வந்த உரையாசிரியர்கள் அந்த அதிகாலையைக் கீழ்ப்படிதலின் அடையாளமாகத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார்கள்.

ஆனால் எண்ணாகமம் 14ஆம் அதிகாரத்திலும் ஓர் அதிகாலை இருக்கிறது. காதேசிலிருந்து அனுப்பப்பட்ட 12 வேவுகாரர் 40 நாள் கழித்துத் திரும்புகிறார்கள். அவர்களில் 10 பேர் மக்களை அச்சுறுத்த, கானானுக்குள் போக மக்கள் மறுக்கிறார்கள். தண்டனையாக 40 ஆண்டு வனாந்தரம் விதிக்கப்படுகிறது. மறுநாள் அதே மக்கள் அதிகாலையில் எழுந்து, தவறு செய்துவிட்டோம், இதோ போகிறோம் என்று மலையேறுகிறார்கள். போகாதீர்கள், கடவுள் உங்களோடு வரவில்லை என்று மோசே தடுக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. உடன்படிக்கைப் பெட்டி பாளையத்திலேயே இருந்துவிட, ஏறியவர்கள் ஓர்மாவரை துரத்தி அடிக்கப்பட்டார்கள். ஆபிரகாமுக்கும் இவர்களுக்கும் அதிகாலை பொது, வேகமும் பொது. நேற்று கிடைத்த கட்டளையை இன்று, அது திரும்பப் பெறப்பட்ட பிறகு, நிறைவேற்றப் பார்த்ததுதான் வேறுபாடு. வேகம் தன்னளவில் கீழ்ப்படிதல் ஆகாது என்பதை இந்த இரு காலைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் எளிதில் உணரலாம்.

சவுல் அரசனின் வீழ்ச்சியும் இதே பாடத்தை இரண்டு கட்டங்களில் காட்டுகிறது. கில்காலில் ஏழு நாள் காத்திருக்கும்படி சாமுவேல் சொல்லியிருந்தார். எதிரில் பெலிஸ்தரின் படை. பின்னால் கலைந்துகொண்டிருக்கும் தன் வீரர்கள். குறித்த நாளிலும் சாமுவேல் வராததால் சவுல் தானே பலி செலுத்துகிறார். செலுத்தி முடித்த கையோடு சாமுவேல் வந்து நிற்கிறார். அங்கே கீழ்ப்படிதல் என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதாக இருந்தது. அதைத்தான் சவுலால் செய்ய முடியவில்லை. இரண்டு அதிகாரம் தள்ளி, அமலேக்கியருக்கு எதிரான போரில், முழுமையாகச் செய்ய வேண்டியதைப் பாதி செய்து, நல்ல ஆடுமாடுகளைப் பலிக்கென்று மிச்சம் வைத்ததாகக் காரணம் சொல்கிறார். பலியைவிடக் கீழ்ப்படிதலே மேல் என்ற சாமுவேலின் தீர்ப்பு அந்த இடத்தில்தான் வருகிறது. பக்தியின் பெயரால் கட்டளையைத் திருத்துவது விவிலியத்தின் பார்வையில் கீழ்ப்படியாமையே.

சாமுவேலுக்கே சிறுவயதில் நேர்ந்தது வேறு வகை. இரவில் தன் பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்டு மூன்று முறை எழுந்து ஓடுகிறான். மூன்று முறையும் தவறான ஆளிடம், முதிய ஆசாரியர் ஏலியிடம், போய் நிற்கிறான். சிறுவனின் சுறுசுறுப்பில் குறையில்லை. குரல் யாருடையது என்ற அறிவுதான் இல்லை. அதை மூன்றாம் முறை புரிந்துகொண்டு சொல்லித்தருபவர் ஏலி. அந்த ஏலியின் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பைத்தான் கடவுள் சிறுவனிடம் சொல்கிறார் என்பது கதையின் கூர்மை. வழிகாட்டுதலைத் தனியாள் ஒருவர் மட்டும் கேட்டு உறுதி செய்ய முடியாது, இன்னொருவரின் பகுத்தறிவும் வேண்டும் என்ற பிற்கால மரபுக்கு இந்த அதிகாரம் வேர்.

இன்னொருவரின் சொல்லை எவ்வளவு நம்பலாம்? 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரம் அதற்கு எல்லை கட்டுகிறது. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு அனுப்பப்பட்ட தேவமனிதர் ஒருவருக்கு, அங்கே உண்ணவும் குடிக்கவும் கூடாது என்று தெளிவான கட்டளை. அரசன் அழைத்தும் மறுத்துவிடுகிறார். பிறகு ஒரு முதிய தீர்க்கதரிசி, தேவதூதன் தன்னிடம் வேறு விதமாகச் சொன்னதாகப் பொய் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போகிறார். திரும்பும் வழியில் சிங்கம் தேவமனிதரைக் கொன்றுபோடுகிறது. அரசனின் விருந்தை மறுத்தவர் ஆவிக்குரிய மொழியில் வந்த அழைப்பில் விழுந்தார். உபாகமம் 13 இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரு தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் நிறைவேறினாலும், அவர் வேறு தெய்வங்களிடம் அழைத்தால் அவருக்குச் செவிகொடுக்கக் கூடாது. அடையாளம் பலித்தது என்பது மட்டும் போதிய சான்று அல்ல.

புதிய ஏற்பாட்டில் கலிலேயா கடற்கரையின் மீனவர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுச் செல்கிறார்கள். நாசரேத்து மரியாள், இது எப்படி ஆகும் என்று முதலில் கேட்கிறார்; பதில் கிடைத்த பின் இசைகிறார். தமஸ்கு நகரத்து அனனியா, பின்னாளில் பவுல் ஆன சவுலைப் போய்ப் பார் என்ற கட்டளைக்கு மறுப்பே சொல்கிறார்; அந்த ஆள் செய்த கொடுமைகளை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். கேள்வி கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது என்பதற்கு இவர்கள் சாட்சி. மத்தேயு 21இல் இயேசு சொன்ன உவமையில், போக மாட்டேன் என்று சொல்லிப் பின் மனம் மாறிப் போன மகனே தந்தையின் விருப்பத்தைச் செய்தவன். சட்டென்று ‘சரி’ என்றவன் போகவே இல்லை.

வழிநடத்துதல் செயல்படும் விதத்தை மிக நெருக்கமாகக் காட்டுவது அப்போஸ்தலர் 16. பவுலும் குழுவினரும் ஆசியா மாகாணத்தில் போதிக்கத் தடை ஏற்படுகிறது. பித்தினியாவுக்குப் போக முயன்று அதுவும் கைகூடவில்லை. எங்கே போகக் கூடாது என்று மட்டும் தெரிந்தபடி, கடலோரத் துரோவா வரை வந்து சேர்கிறார்கள். அங்கே இரவில் பவுல் ஒரு தரிசனம் காண்கிறார்: மக்கெதோனியா நாட்டவன் ஒருவன் உதவிக்கு அழைக்கிறான். தரிசனம் பவுலுக்கு, முடிவு குழுவுடையது. அந்த இடத்திலிருந்தே நூலின் நடையும் ‘அவர்கள்’ என்பதிலிருந்து ‘நாங்கள்’ என்று மாறுகிறது. கூடி யோசித்து, கடவுளின் அழைப்பு என்று தீர்மானித்ததும் தாமதமின்றிக் கப்பல் ஏறுகிறார்கள். நீண்ட காத்திருப்பு, கூட்டான தெளிவு, பிறகு விரைவு என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. பிலிப்பி நகரில் அவர்களுக்குக் கிடைத்தது பிரம்படியும் சிறையும். சரியான வழி என்றால் தடையில்லாத வழி என்று பொருள் கொள்வோருக்கு அந்த அதிகாரம் இடம் தரவில்லை.

பாலைவனத் துறவிகள்

சுமார் 270ஆம் ஆண்டில் எகிப்தின் இளைஞர் அந்தோணி, செல்வத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி இயேசு சொன்ன பகுதி ஆலயத்தில் வாசிக்கப்படுவதைக் கேட்டார். அது தனக்கே சொல்லப்பட்டது என்று கொண்டு, வெளியே வந்ததும் மூதாதையர் நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்ற பொருள்களை விற்று ஏழைகளுக்குப் பங்கிட்டார். தங்கைக்கென்று கொஞ்சம் நிறுத்திக்கொண்டார். மறுபடி ஆலயத்தில் நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருக்கச் சொல்லும் பகுதியைக் கேட்டதும் அந்த மிச்சத்தையும் கொடுத்தார். அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய வரலாறு இதைப் பதிவு செய்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று வணங்குபவர் இவர்தான். அவர் வெளியேறிய வேகத்தைப் போற்றுவோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: தங்கையை நம்பத் தகுந்த கன்னியர் சமூகத்தில் ஒப்படைத்த பிறகே அவர் துறவுக்குப் போனார். தன் கீழ்ப்படிதலின் விலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுப் போகவில்லை.

அடுத்த தலைமுறைகளில் கீழ்ப்படிதல் ஒரு பயிற்சியாகவே ஆனது. பாலைவனத்தில் கண்டதையும் கேட்டதையும் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஜான் காசியன், கதவு தட்டப்பட்டால் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்துவிடும் துறவிகளைப் பற்றிச் சொல்கிறார். மூத்தவர் நட்டுவைத்த காய்ந்த குச்சிக்கு ஓராண்டு முழுவதும் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றிய யோவான் என்ற துறவியின் கதையும் அவரிடமிருந்தே கிடைக்கிறது. குச்சி துளிர்க்கவில்லை, கடைசியில் மூத்தவரே பிடுங்கி எறிகிறார்.

இந்தக் கதைகளைப் புகழ்ந்து எழுதிய அதே காசியன்தான், பகுத்துணர்வு இல்லாத கீழ்ப்படிதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பதிவு செய்தார். அவருடைய உரையாடல் நூலின் இரண்டாம் பகுதி முழுவதும் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 50 ஆண்டு பாலைவனத்தில் கடுந்தவம் இருந்த ஹெரோன், சகோதரர்களோடு சேர்ந்து உண்பதையும் ஆலோசனை கேட்பதையும் தவிர்த்துவந்தவர். ஒளியுருவில் தோன்றியது தேவதூதன் என்று நம்பி, தனக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதியோடு ஆழ்கிணற்றில் குதித்தார். வெளியே இழுத்துப் போட்ட மூன்றாம் நாள் இறந்தார். தான் ஏமாற்றப்பட்டதை இறுதிவரை ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொருவர் ஆபிரகாமைப்போலத் தன் மகனைப் பலியிட வேண்டும் என்று நம்பினார். மடத்தில் அவரோடு வாழ்ந்த மகன், தந்தை வழக்கத்துக்கு மாறாகக் கத்தி தீட்டுவதையும் கட்டுவதற்குக் கயிறு தேடுவதையும் கண்டு ஓடித் தப்பினான். ஆதியாகமம் 22ஐப் பகுத்துணராமல் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கிறிஸ்தவ மரபே தன் உள்ளிருந்து தந்த எச்சரிக்கை இது. 1798இல் இம்மானுவேல் காந்த், மகனைக் கொல்லக் கூடாது என்பது உறுதியாகத் தெரியும், பேசும் குரல் கடவுளுடையது என்பதுதான் உறுதியில்லை என்று ஆபிரகாம் பதிலளித்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அந்த வாதத்தின் பாதி, 1300 ஆண்டுகளுக்கும் முன்பே பாலைவனத்தில் உணரப்பட்டிருந்தது.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு, இரண்டு பாடங்களையும் ஒரே நூலில் கோத்தது. ஐந்தாம் அதிகாரம் தாமதமற்ற கீழ்ப்படிதலைத் தாழ்மையின் முதல் படி என்கிறது. 68ஆம் அதிகாரமோ, செய்ய முடியாத வேலை கொடுக்கப்பட்ட துறவி, தகுந்த நேரம் பார்த்து, பெருமையில்லாமல், தன் இயலாமையைத் தலைவரிடம் எடுத்துச் சொல்லலாம் என்கிறது. கட்டளையிடுபவருக்கும் கடிவாளம் உண்டு. முக்கியமான காரியங்களில் மடம் முழுவதையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும்; பலமுறை இளையவருக்கே கடவுள் நல்லதை வெளிப்படுத்துகிறார் என்று மூன்றாம் அதிகாரம் காரணமும் சொல்கிறது. மேலிருப்பவரும் கீழிருப்பவரும் சேர்ந்து கடவுளுக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்பது இந்த ஒழுங்கின் உள்ளோட்டம்.

சவேரியாரின் இரண்டு புறப்பாடுகள்

வழிநடத்துதலை முறைப்படி ஆராய்ந்து எழுதியவர்களில் லொயோலா இஞ்ஞாசியாருக்கு இணை சொல்வது கடினம். 1521இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்க, சொந்த ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் அவர் தன் மனத்தைக் கவனித்தார். வீரசாகசக் கனவுகள் இருக்கும்போது இனித்து, போன பின் வறட்சியை விட்டுச் சென்றன. புனிதர்களைப்போல் வாழும் கற்பனையோ போன பின்னும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. இந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தது அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூல். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார்.

தெளிந்து தேர்வதற்கு அந்நூல் மூன்று நிலைகளைச் சொல்கிறது. முதல் நிலையில் ஐயத்துக்கே இடமில்லாதபடி அழைப்பு வருகிறது. மத்தேயுவுக்கும் பவுலுக்கும் நேர்ந்தது அப்படி. இரண்டாவதில் ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வருவதைப் பல நாள் கவனித்து, எது எங்கே இட்டுச் செல்கிறது என்று அறிய வேண்டும். மூன்றாவதில் மனம் அமைதியாக இருக்கும். நன்மை தீமைகளை எடைபோட்டு அறிவால் தீர்மானித்து, அந்த முடிவைக் கடவுள் முன் வைக்க வேண்டும். வறட்சியான மனநிலையில் முன் எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்ற விதி, எளிதாகச் சொல்லப்பட்டிருந்தாலும், உள்ளத்தின் இயக்கத்தை உள்ளிருந்தே அறிந்த ஒருவரால்தான் எழுதக்கூடியது. பாவமான ஒன்றைச் செய்யலாமா என்பது இந்தத் தேர்வுக்கே வராது. நல்லவற்றுக்கு இடையில்தான் தேர்வு.

இந்த முறையின் இரு முகங்களும் பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்வில் தெரிகின்றன. 1540 மார்ச்சில் போர்ச்சுகல் மன்னருக்காக இந்தியாவுக்குப் போகவிருந்த தோழர் பொபதில்லா நோயுற்றார். அவருக்குப் பதில் போக முடியுமா என்று இஞ்ஞாசியார் கேட்க, சவேரியார் உடனே இசைந்தார். ஒரு நாள் அவகாசத்தில் ரோமை விட்டுக் கிளம்பினார். இஞ்ஞாசியாரும் தோழர்களும் தொடங்கிய இயேசு சபைக்குத் திருத்தந்தையின் முறையான ஒப்புதலே அந்த ஆண்டு செப்டம்பரில்தான் கிடைத்தது. 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறி 1542 மே 6 அன்று கோவா சேர்ந்தவர், அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களிடையே பணியாற்றினார்.

1545இல் அவரே வேறு மாதிரி நடந்துகொண்டதைக் காணலாம். நாகப்பட்டினத்திலிருந்து குமரிமுனைப் பக்கம் திரும்ப எதிர்க்காற்று விடவில்லை. மயிலாப்பூர்ச் சாந்தோமுக்கு வந்து, தோமையாரின் கல்லறை இருக்கும் ஆலயத்தில் சில மாதங்கள் ஜெபத்தில் இருந்தார். தெரிந்த தமிழ்க் கடற்கரையிலேயே தொடர்வதா, மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளுக்கும் போவதா என்பது கேள்வி. யாரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. ஆகவே விரைவுக்கும் இடமில்லை. உள்ளத்தில் உறுதி பிறந்த பிறகு ஐரோப்பாவுக்கு அதைப் பற்றி எழுதினார், அவ்வாண்டின் பிற்பகுதியில் மலாக்கா சேர்ந்தார். தலைவர் கேட்டபோது ஒரு நாள், தானே தேர வேண்டியிருந்தபோது பல மாதம். ஒரே மனிதரிடம் இரண்டு கால அளவுகளும் முரணின்றி இருந்தன.

சீட்டும் வசனமும்

சீர்திருத்தச் சபைகளில் மடத்துத் தலைவர் இல்லை. அந்த இடத்தை விவிலியம், உள்ளுணர்வு, சபையின் ஆலோசனை ஆகியவை பங்கிட்டுக்கொண்டன. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் வாழ்ந்த மொராவியர்கள், அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் மத்தியாவைத் தேர்ந்த முறையைப் பின்பற்றிச் சீட்டுப் போட்டார்கள். கரீபியத் தீவுகளின் அடிமைகளிடம் போக விரும்பிய குயவர் லியோன்ஹார்ட் டோபர், சபை சம்மதிக்கும்வரை ஏறத்தாழ ஓராண்டு பொறுத்திருந்தார். சீட்டு அவருக்குச் சாதகமாக வந்தபின் 1732 ஆகஸ்டில் டேவிட் நிட்ச்மனோடு புறப்பட்டார். ஆண்டு முழுவதற்கும் நாளுக்கொரு வசனம் சீட்டெடுத்துத் தேர்ந்து அச்சிடும் வழக்கத்தையும் இவர்கள் 1731 முதல் தொடங்கினார்கள். அந்த நூல் இன்றும் ஆண்டுதோறும் வருகிறது. புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் தமிழ்ச் சபைகளின் வழக்கத்துக்கு இது நெருங்கிய உறவு. அட்டையில் வரும் வசனம் ஆண்டு முழுவதும் ஆறுதல் தருவது ஒன்று. அந்த வசனத்தைக் கொண்டு வேலையை விடுவதா, சம்பந்தத்துக்குச் சம்மதிப்பதா என்று தீர்மானிப்பது வேறொன்று. முன்னது நம்பிக்கை. பின்னது பகுத்தறியும் பொறுப்பைத் தாளிடம் ஒப்படைத்துவிடுவது.

சீட்டின் வரம்பு ஜான் வெஸ்லியின் வாழ்வில் வெளிப்பட்டது. ஜார்ஜியாவில் ஊழியம் செய்தபோது, சோஃபியா ஹாப்கியை மணப்பதா என்ற கேள்விக்கு 1737 மார்ச்சில் மூன்று சீட்டு எழுதிப் போட்டார். வந்தது, இனி அதை நினைக்கவே வேண்டாம் என்ற சீட்டு. சில நாளில் அந்தப் பெண் வேறொருவரை மணந்தார். பிறகு வெஸ்லி அவருக்கு நற்கருணை மறுத்தார், வழக்குத் தொடரப்பட்டது, ஆண்டு இறுதியில் வெஸ்லி ஜார்ஜியாவை விட்டே போனார். சீட்டு முடிவைத் தந்தது. அந்த முடிவோடு வாழ்வதற்கான மனத்தெளிவைத் தரவில்லை.

பிரிஸ்டல் நகரில் அநாதைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர் இதற்கு நேர் எதிரான முறையைக் கையாண்டார். 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வளர்த்த இவரைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்பது பெரும்பாலும் ஜெபத்துக்குக் கிடைத்த அற்புதப் பதில்கள்தான். அவருடைய நிதானத்தைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. 1845 அக்டோபர் இறுதியில், குழந்தைகள் குடியிருந்த வில்சன் தெருவாசி ஒருவரிடமிருந்து மரியாதையான ஒரு புகார்க் கடிதம் வந்தது: இல்லங்களால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. முல்லர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், இடம் மாறுவதற்கு ஆதரவான காரணங்களையும் எதிரான காரணங்களையும் எழுதிப் பார்த்தார். சக ஊழியர்களைக் கலந்தார். நவம்பர் தொடக்கத்தில் ஜெபிக்கத் தொடங்கினார். 36ஆம் நாள் முதல் நன்கொடையாக 1,000 பவுண்டு வந்தது. ஆஷ்லி டவுனில் முதல் கட்டடம் திறக்கப்பட்டது 1849இல். முதலில் தன் சொந்த விருப்பத்தை ஒதுக்கிவைப்பது, பிறகு வேதமும் ஆவியும் ஒன்றாகச் சொல்வதைக் கேட்பது, சூழ்நிலையைக் கவனிப்பது, ஜெபிப்பது, மன அமைதி நிலைக்கிறதா என்று பார்ப்பது என அவர் தன் முறையை விவரித்திருக்கிறார். உணர்ச்சியை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பின்னாளில் எஃப். பி. மேயர் இதையே மாலுமியின் மொழியில் சொன்னார்: துறைமுகத்தின் மூன்று விளக்குகளும் ஒரே கோட்டில் தெரியும்போதுதான் கப்பல் உள்ளே திரும்பும், வேதம், உள்ளத் தூண்டுதல், சூழ்நிலை ஆகிய மூன்றும் அப்படி ஒத்துவர வேண்டும்.

தெளிவு வந்த பின்னும் வேலை நீளலாம். ராணிப்பேட்டையில் மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், தான் மிஷனரி ஆகப்போவதில்லை என்று தீர்மானித்திருந்தவர். தாயின் உடல்நலக் குறைவால்தான் 1890களின் தொடக்கத்தில் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், வெவ்வேறு சமூகத்தவர், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியரைக் காப்பாற்ற அவரை அழைத்தார்கள். அவருடைய தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வருவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படிக்காத ஐடாவால் ஒன்றும் செய்ய இயலவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அன்றே எடுத்த முடிவை நிறைவேற்ற அவர் அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் கார்னெலில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பினார். வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் பிறந்தது. முடிவுக்கு ஓர் இரவு; அந்தப் பள்ளிக்குக் கால் நூற்றாண்டு. உடற்கூற்றியல் வகுப்பில் அவர் கழித்த ஆண்டுகளைத் தாமதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தகுதியில்லாமல் உடனே ‘ஊழியத்துக்கு’ இறங்கியிருந்தால் அதுதான் அந்த மூன்று மரணங்களுக்கும் செய்த அவமதிப்பாக இருந்திருக்கும்.

கட்டளை யாருடையது

கடவுளுக்குரிய கீழ்ப்படிதலை மனிதர் தமக்கென்று எடுத்துக்கொள்ளும்போது இந்தப் போதனை கொடியதாகிறது. 1978 நவம்பர் 18 அன்று கயானாவின் ஜோன்ஸ்டவுனில் மதக்குழுத் தலைவர் ஜிம் ஜோன்ஸின் கட்டளைப்படி 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 300 பேர் சிறுவர்கள். அது உச்சம். ஆனால் ‘கர்த்தர் எனக்குக் காட்டினார்’ என்ற முன்னுரையோடு ஒருவருடைய சொத்தையோ திருமணத்தையோ சிகிச்சையையோ தீர்மானிக்கும் போதகர், அளவில் சிறியதாக இருந்தாலும், அதே தவறைத்தான் செய்கிறார். பெத்தேலின் முதிய தீர்க்கதரிசி இன்னும் ஓயவில்லை. உடனே கீழ்ப்படியாவிட்டால் சாபம் என்ற அச்சுறுத்தலும், வேறு யாரிடமும் கலந்து பேசாதே என்ற தடையும் ஒரு வழிகாட்டுதலோடு சேர்ந்து வந்தால், பெனடிக்டின் அளவுகோலிலோ இஞ்ஞாசியாரின் அளவுகோலிலோ அது அந்தக் கணமே தோற்றுவிடும். கடுமையான கீழ்ப்படிதலைக் கோரும் 1553ஆம் ஆண்டுக் கடிதத்தில்கூட, ஜெபித்த பின் தன் கருத்து வேறுபாட்டைத் தலைவரிடம் சொல்லும் உரிமையை இஞ்ஞாசியார் விட்டுவைத்தார்.

இந்த ஆபத்தை அருகிலிருந்து கண்டவர் ஹிட்லர் கால ஜெர்மனியின் போதகர் டீட்ரிக் போன்ஹோபர். 1937இல் வெளியான சீடத்துவ நூலில், விசுவாசமும் கீழ்ப்படிதலும் ஒன்றையொன்று பிரிந்திருக்க முடியாது என்றும், இயேசு அழைத்தபோது எழுந்து போகாமல் விளக்கம் தேடுவது தப்பிக்கும் வழி என்றும் அவர் வாதிட்டார். நாட்டின் சட்டத்துக்கும் தலைவனுக்கும் அதே சொல்லால் கீழ்ப்படிதல் கோரப்பட்டதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1942ஆம் ஆண்டு முடிவில் நண்பர்களுக்கு எழுதிய கட்டுரையில், கட்டளையை நிறைவேற்றுவதையே நற்பண்பாகக் கற்ற ஜெர்மானியர்கள், கட்டளைக்கு எதிராகப் பொறுப்போடு செயல்படும் துணிவைக் கற்கவில்லை என்று வருந்தினார்.

1939 ஜூனில் அவர் நியூயார்க் போனார். போர் வந்தால் ஹிட்லரின் படையில் சேர மறுப்பது அவரை மட்டுமல்லாமல் அவருடைய சபையையும் பாதிக்கும் என்பதால் நண்பர்கள் அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். போன சில நாளிலேயே அவருக்கு நிலைகொள்ளவில்லை. ஜூன் 20 அன்று திரும்பும் முடிவைச் சொல்லிவிட்டார். தன் காரணங்கள் தனக்கே முழுதும் விளங்கவில்லை என்று நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார். ஜூன் 26 அன்று, குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவைக் கேட்டுக்கொண்ட வரியை வாசித்தார். அது நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. முடிவு அதற்கு ஆறு நாள் முன்பே எடுக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வசனம் உறுதிப்படுத்தியது, தீர்மானிக்கவில்லை. ஜூலை முதல் வாரம் முடிவதற்குள் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கீழ்ப்படிதலில் விரைவும் ஐயமும் ஒன்றாகவே இருந்தன. ஐயம் முழுதும் தீரும்வரை காத்திருந்திருந்தால் அவர் திரும்பியிருக்கவே மாட்டார்.

சுவிசேஷச் சபைகளுக்குள் இந்த விவாதம் 1980இல் புதிய திருப்பம் கண்டது. கேரி ஃப்ரீசன் அவ்வாண்டு வெளியிட்ட நூல், ஒவ்வொரு விசுவாசியின் வேலைக்கும் திருமணத்துக்கும் குடியிருப்புக்கும் கடவுள் மறைவாக ஒரே ஒரு திட்டம் வைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடிப்பதே கடமை என்ற பரவலான கருத்தை மறுத்தது. வேதம் கட்டளையிடும் இடத்தில் கீழ்ப்படிய வேண்டும். கட்டளை இல்லாத இடத்தில் கடவுள் தந்த அறிவோடு தேர்ந்தெடுக்கலாம், பல நல்ல தேர்வுகள் இருக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. தனிப்பட்ட வழிநடத்துதலுக்கான இடத்தை இது மிகவும் சுருக்கிவிடுகிறது என்று மறுத்தவர்களும் உண்டு. துரோவாவின் தரிசனத்தை இந்த அளவுகோலில் முழுவதும் அடக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் வரன் பார்க்கும் வீட்டில் ‘கர்த்தருடைய சித்தமா’ என்ற கேள்வியோடு மாதக்கணக்கில் தூக்கம் இழக்கும் பெற்றோருக்கு இந்தக் கருத்து பெரிய ஆறுதல். தவறான கதவைத் திறந்துவிட்டால் கடவுளின் திட்டத்துக்கு வெளியே விழுந்துவிடுவோம் என்ற பயத்துக்கு விவிலியத்தில் ஆதாரமில்லை.

முழுநேர ஊழிய அழைப்பு என்ற ஒரு விஷயத்தில் மட்டும் பெரும்பாலான சபைகள் இரண்டு அணுகுமுறைகளையும் இணைத்து ஒரு நடைமுறையாக்கிக்கொண்டன. 16ஆம் நூற்றாண்டில் ஜான் கால்வின், ஊழியர் தன் உள்ளத்தில் கடவுள் முன் உணரும் இரகசிய அழைப்பையும், சபை முறைப்படி கொடுக்கும் வெளிப்படையான அழைப்பையும் பிரித்துக் காட்டினார். இன்றும் குருத்துவப் பயிற்சிக்கு முன்வரும் இளைஞர் தன் அழைப்பைச் சொன்னால் மட்டும் போதாது. அவருடைய திருச்சபை அவரைத் தெரிந்து பரிந்துரைக்க வேண்டும். குழு நேர்காணல் செய்ய வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஆசிரியர்கள் அவரைக் கவனிக்க வேண்டும். அபிஷேகத்துக்கு முன்னும் தகுதி விசாரிக்கப்படும். இந்த ஆண்டுகளில் அழைப்பு உறுதிப்படுவதும் உண்டு, ஆசிரியப் பணியோ மருத்துவமோ தன் வழி என்று தெளிந்து விலகுவதும் உண்டு. விலகியவரைக் கீழ்ப்படியாதவராகச் சபை கருதுவதில்லை, கருதவும் கூடாது.